ஜீவா என்னும் பிம்பம்: சின்னத்திரையில் அறிவியல் புனைவு

தமிழ்த் திரையில் அறிவியல் புனைவு 2010இல் ‘எந்திரன்’ படத்தோடு பிறந்தது என்ற பேச்சு பரவலாக நிலைத்துவிட்டது. சரித்திரம் அப்படியில்லை. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டில் எடுத்த ‘காடு’ படத்தில் மாமூத் யானைகள் வந்தன. 1963இல் ‘கலை அரசி’யில் இசைக்காகக் கடத்தப்பட்ட பானுமதியைத் தேடி எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போனார். இரண்டும் வேடிக்கைப் படங்கள். புனைவின் அரசியல் சின்னத்திரைக்கு வந்தது, தூர்தர்ஷனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடரான பிறகுதான்.

1980களில் ஆனந்த விகடனில் வந்த இந்தக் கதை, அன்று தொலைவாகத் தெரிந்த 2020களில் நடக்கிறது. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். பெயர்கள்கூடச் சுருங்கிப் போயிருக்கின்றன: நிலா, சிபி, ரவி. அனுமதி கிடைத்து மகிழும் நிலாவின் கணவன் சிபி திடீரெனக் காணாமல் போகிறான். அவளுக்குத் துணை, ஜீனோ என்ற இயந்திர நாய். நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடையை மறக்காத வாசகர்களுக்கு அந்த அனுமதிச் சீட்டு கற்பனையாக மட்டும் தெரிந்திருக்காது.

நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஹோலோகிராம் என்று தெரியவரும் இடமே கதையின் உச்சம். அமெரிக்கத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’கில் 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்க்கான்ஸ்’ அத்தியாயத்திலும் இதே முடிச்சு உண்டு. மக்கள் வணங்கும் லாண்ட்ரு ஒரு பிம்பம். பின்னால் இருப்பது கணினி. கேப்டன் கிர்க் வாதாடியே அதை அழிக்கிறார், மக்கள் விடுதலை பெறுகிறார்கள். சுஜாதா அவ்வளவு எளிதாக விடவில்லை. ஜீவா போனதும் நிலா ராணியாகிறாள். கயிறு மட்டும் வேறு கைகளுக்கு மாறுகிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர் எழுதிய கதை இது. அந்தக் கசப்பான முடிவு அமெரிக்க அத்தியாயத்தைவிட முதிர்ந்தது.

பின்னால் இந்தப் பாதையில் தொடர்ந்து நடந்தவர் குறைவு. 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ பெரும் வெற்றி பெற்றது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, உருவாக்கம் இரண்டுமே தேர்ந்தவை. ஆனால் அங்கே அறிவியல் கடைசியில் வந்து, கருப்பசாமியின் தண்டனைகளுக்குப் பிளவுண்ட மனம் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் மாபெரும் குதிரைக்குக் காகித மாலை சாத்துகிறவர்களுக்குக் காவல் தெய்வத்தின் அச்சம் புதிதல்ல. தொடர் அந்த அச்சத்தை நன்றாகப் பயன்படுத்தியது. எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதன் வெற்றிக்குப் பின் அமானுஷ்யத் தொடர்கள் பெருகின. நிலாவுக்கு வாரிசு இல்லை.

இந்த வரலாற்றை முழுதாக எழுத முதலில் மூலங்கள் வேண்டும். அச்சுக்கு வழி உண்டு: புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சொந்த உழைப்பில் வளர்த்த ஞானாலயா நூலகம், முதல் பதிப்புகளையும் பழைய இதழ்களையும் ஆய்வாளர் கையில் தருகிறது. தூர்தர்ஷன் காலத் தொடர்களுக்கும் அதுபோல யாரும் போய்ப் பார்க்கக்கூடிய காப்பகம் அமையவேண்டும். அங்கே முதலில் சேரவேண்டியது ‘என் இனிய இயந்திரா’.