சிறுவர் புனைகதையில் குடும்பத்தின் குற்றவாளிகள்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதி கலஹா வீதி என்றே பெயர்பெறும். அவ்வீதி சென்றடையும் கலஹாவும் அதனை அடுத்துள்ள தெல்தோட்டையும் இலங்கைத் தேயிலை வரலாற்றின் தொடக்க நிலங்களாகும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியிலேயே உள்ளது. சிறுவர் இலக்கியத்தோடும் கலஹாவுக்குத் தொடர்புண்டு. சிங்களச் சிறுவர் நாவல்களுள் பெரிதும் விரும்பி வாசிக்கப்படும் ‘அம்ப யாளுவோ’வின் ஆசிரியர் டி. பி. இலங்கரத்ன 1950களில் கலஹாத் தொகுதியை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தியவர். உயர்குடிச் சிறுவன் ஒருவனுக்கும் வறிய சிறுவன் ஒருவனுக்கும் இடையிலான நட்பே அந்நாவலின் பொருள். அதே தொகுதியின் மலைச்சரிவுகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவாக வாக்குரிமை இழந்திருந்தனர். அவர்தம் பிள்ளைகளின் வீட்டுத் துயரைச் சிறுவர் புனைகதை எவ்வாறு நோக்கியுள்ளது என்பதே ஈண்டு எமது வினா.

துன்புறும் குடும்பத்தைப் பொருளாகக் கொண்ட சிறுவர் கதைகளில் சில பாத்திர வகைகள் மீண்டும் மீண்டும் தோன்றக் காண்கிறோம். குடிகாரத் தந்தை, கொடிய மாற்றாந்தாய், பிள்ளைகளைப் பிரிந்து செல்லும் தாய், தம்பி தங்கையருக்குத் தாயாகும் மூத்த மகள், வீட்டைவிட்டு ஓடும் மகன், இறுதியில் வந்து மீட்கும் ஆசிரியர் என அவற்றை வகுக்கலாம். நாளிதழ்ச் சிறுவர் பக்கங்களிலும் பாடசாலைப் போட்டிக் கதைகளிலும் இவ்வகைகளே பெரிதும் பயில்கின்றன. வகைமாதிரி தன்னளவில் குறையன்று. வாய்மொழிக் கதைமரபு அதனைக்கொண்டே வாழ்ந்தது. ஆயின், ஒவ்வொரு வகைமாதிரியும் துயருக்கு ஒரு காரணத்தையும் உடன்கொணர்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நல்லதங்காள் கதை இதற்குத் தக்க சான்று. அக்கதையின் தொடக்கம் பஞ்சமாகும். மழை பொய்த்துப் பட்டினி சூழ்ந்தமையாலேயே நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு தமையன் வீட்டை நாடுகிறாள். எனினும் தலைமுறை தலைமுறையாகக் கேட்போர் நெஞ்சில் நின்றது பஞ்சமன்று. அண்ணி மூளி அலங்காரியின் கொடுமையே. காரணம் வானிலிருந்தும் நிலத்திலிருந்தும் பெயர்ந்து ஒரு பெண்ணின் மனத்துள் குடியேறிவிடுகிறது. மேற்கூறிய கதைகளும் பெரும்பாலும் இப்பெயர்ச்சியையே நிகழ்த்துகின்றன என்பது எமது துணிபு.

குடிகாரத் தந்தையை நோக்குவோம். அவன் சம்பள நாளில் குடித்து வந்து மனைவியை அடிப்பான். பிள்ளையின் கண்ணீரோ பரிசுக் கோப்பையோ கண்டு கடைசிப் பந்தியில் திருந்துவான். தோட்டங்களை அண்டிச் சாராயக் கடைகள் அனுமதிபெற்று நடந்தமையும், அவ்வழி வந்த வரி அரசின் வருவாயாயினமையும் இக்கதைகளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மூத்த மகளின் நிலையும் அத்தகையதே. தாய் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்கிறாள். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறது. உலைவைப்பதும் விறகு பொறுக்குவதும் பன்னிரண்டு வயது மகளின் தலையில் விழுகின்றன. கதாசிரியர் அவளைத் தியாகத்தின் திருவுருவாகப் போற்றுவார். அப்போற்றுதலின் நிழலில் அவள் இழந்த பள்ளிக்கூடம் மறைந்துபோகிறது.

பிரிந்து செல்லும் தாய் அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற வகைமாதிரி. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண், பொருளாசையால் பிள்ளைகளைக் கைவிட்டவளாகவே பலகாலும் சித்திரிக்கப்படுகிறாள். 2013ஆம் ஆண்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதை அரசு கட்டுப்படுத்தியபோது தந்தையருக்கு அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. கதையின் தீர்ப்பே சுற்றறிக்கையிலும் ஒலித்தது எனலாம். தோட்டக் கூலி வீட்டை நடத்தப் போதுமானதாயிருந்ததா என்ற வினா இரண்டிலும் எழவில்லை.

வீட்டைவிட்டு ஓடும் சிறுவனுக்கு இந்நாட்டில் தலைசிறந்த எடுத்துக்காட்டு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ (1947). தாயை இழந்த உபாலி தோழன் ஜின்னாவோடு ஓடி, கொக்கலை வாவியிலுள்ள தீவொன்றைத் திருத்திப் பயிர்செய்கிறான். மாற்றாந்தாயை அரக்கியாக்காத கலைநிதானம் விக்கிரமசிங்கவுக்கு உண்டு. எனினும் ஓடிப்போதல் விடுதலையாவதற்குச் சென்றுசேர நிலம் வேண்டும். உழைப்பைக் கொட்டினால் தனதாகும் மண் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டு மண்ணைத் திருத்தியும் லயத்துக் காம்பராவைக்கூடத் தனதென்று கூறமுடியாத சமூகத்தின் பிள்ளை எங்கே ஓடும்? அப்பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படின் பெரும்பாலும் சென்றுசேர்வது கண்டியிலோ கொழும்பிலோ உள்ள ஒரு வீட்டின் சமையலறையையே. ஜின்னா உபாலியின் வீட்டு வேலைக்காரப் பையன் என்பது இவ்விடத்து நோக்கற்பாலது. கலஹாத் தோட்டமொன்றின் பிள்ளை அந்நாவலை வாசிக்குமாயின், தன்னை உபாலியில் அன்றி ஜின்னாவிலேயே காணக்கூடும். ஜின்னாவின் குடும்பக் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

குற்றவாளி கிடைக்காத இடத்தில் சிறுவர் கதை பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டன் ஒரு நாட்டிலும் பேரன் மறுநாட்டிலும் ஆயினர். தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். உடைந்த குடும்பத்திற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு மலையகத்தில் இல்லை. குடிகாரனோ மாற்றாந்தாயோ இதனை உடைக்கவில்லை. ஆகவே போலும், சிறுவர் கதை இதனை அரிதாகவே தொட்டது.

வளர்ந்தோர் இலக்கியத்தில் நிலைமை வேறு. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் உறங்கநேரும் பெற்றோரின் அவலத்தைக் கூறும்போது, குற்றத்தை மனிதரில் தேடாது அறையின் அளவிலேயே காண்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ பிள்ளைகளை நடுவே நிறுத்தி எழுதப்பட்டது. கூலி தேடிப் போன தந்தையிடமிருந்து கடிதமில்லை. தீர்வை கட்டாமையால் வீட்டுக் கதவு கழற்றப்படுகிறது. அங்கு தந்தை கொடியவனல்லன், தாய் குற்றவாளியல்லள்; பிள்ளைகளோ விளையாட்டை மறக்கவில்லை. சிறுவருக்கு விளங்கும் எளிய நிகழ்ச்சியொன்றில் வரியையும் வறுமையையும் காட்டமுடியும் என்பதற்கு அக்கதை சான்றாகிறது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். அடிபடும் பிள்ளைக்குச் சமூக அமைப்பைப் பற்றிய விளக்கம் என்ன ஆறுதல் தரும்? தந்தையின் கை உண்மையானது, வலியும் உண்மையானது. இம்மறுப்பு வலிமையுடையது என்பதில் ஐயமில்லை. காரணத்தைச் சமூகத்திற் காண்பது அடித்தவனை விடுவிப்பதாகாது. முற்போக்கு எழுத்தாளர் சிலர் குடிகாரத் தந்தையின் இடத்தில் கொடிய துரையை நிறுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். அதுவும் மற்றுமொரு வகைமாதிரியே. நாம் வேண்டுவது, அடிக்கும் தந்தையைப் பிள்ளை வெறுக்கவும், அவன்மீது இரங்கவும், ‘ஏன்’ என்று வினவவும் இடந்தரும் கதையாகும். அதில் மூத்த மகள் சினங்கொள்ளலாம். புத்தகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க மறுக்கலாம். ஆசிரியரின் வருகைக்குக் காத்திராமலும் இருக்கலாம்.

தன் வீட்டை அச்சிற் காணும் பிள்ளை, ‘என் தாய் தந்தையர் தீயவர்; ஆதலின் நாம் துன்புறுகிறோம்’ என்ற பாடத்தையே திரும்பத் திரும்பப் பெறுமாயின், தன் மக்களையும் ஈற்றில் தன்னையுமே இழிவாகக் கருதக் கற்றுக்கொள்ளும். சிறுவர் இலக்கியத்தை எளிய துறையெனக் கருதித் திறனாய்வாளர் ஒதுங்கிநிற்பது இதனாலேயே தவறாகின்றது. தோட்டப் பாடசாலைகளிற் பயின்று எழுதுகோல் ஏந்தியுள்ள இளந்தலைமுறையினர் அக்காம்பராக்களை உள்ளிருந்து அறிந்தவர்கள். அவர்கள் சிறுவருக்காகவும் எழுதுவாராயின், வகைமாதிரிகள் தாமாகவே உடையும் என எதிர்பார்க்கலாம்.