பொதுப் பேரேடும் தனிக் கணக்கரும்

ஒரே கணக்கைப் பலர் எழுதிச் சரிபார்த்தால் பொய்க்கு இடம் குறையும். வேலையும் மெதுவாகவே நடக்கும். பிளாக்செயின் என்னும் கணினிப் பேரேட்டின் பெருமையும் சிறுமையும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே ஏட்டின் படியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் தாமே சரிபார்க்கின்றன. 2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின் நொடிக்கு ஏறத்தாழ 7 பதிவுகளையே தாங்குவதும், எதீரியத்தின் அடித்தளம் நெடுங்காலம் 15ஐ ஒட்டியே நின்றதும் இதனால்தான்.

இக்குறையைத் தீர்க்க எழுந்தவையே இரண்டாம் அடுக்கு வலையமைப்புகள். நொடிக்கு எத்தனை பதிவு என்று எண்ணி இவற்றைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் மலிந்துள்ளது. அவ்வளவுகோல் பாதி உண்மையையே அளக்கும். அவ்வேகத்தைத் தருபவர் எத்தனை பேர் என்பதே எஞ்சிய பாதி.

2016இல் ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் வரைந்த லைட்னிங் திட்டத்தில் இருவர் ஒரு தொகையைப் பிட்காயினில் பூட்டி வைத்துவிட்டுத் தமக்குள் எத்தனை முறையும் கொடுத்து வாங்கலாம். இறுதி நிலுவை மட்டுமே பேரேட்டில் ஏறும். பதிவுகளை வரிசைப்படுத்தும் தலைவர் எவரும் இல்லை. ஆயினும் பூட்டிய தொகைக்கு மேல் அனுப்ப இயலாது. பெருந்தொகை பூட்டியவர் வழியாகவே பாதைகள் குவிதலும் இயல்பே.

எதீரியத்தின் மீது எழுந்த ரோலப்புகள் வேறு வகையின. இவை பற்பல பதிவுகளைச் சுருட்டி ஒரே கட்டாக்கி அடித்தளத்திற்கு அனுப்புகின்றன. 2024 மார்ச்சில் எதீரியம் இக்கட்டுகளுக்கெனத் தனியிடம் ஒதுக்கிய பின்னர்க் கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. இது மெய்யான சாதனை, குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் வந்த பதிவுகளை வரிசைப்படுத்துபவர் யார்? பெரும்பாலும் ஒரே அமைப்பு நடத்தும் வரிசையாக்கியே. 2023 டிசம்பர் 15 அன்று பதிவுகள் வெள்ளமெனப் பெருகவே ஆர்பிட்ரத்தின் வரிசையாக்கி ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றுபோயிற்று.

2024 ஜூன் 2 அன்று லீனியாவில் நிகழ்ந்தது இதனினும் கருதத்தக்கது. அங்கு இயங்கிய வெலோகோர் என்னும் பரிமாற்றகத்தில் திருட்டு நிகழ, நடத்துநர்கள் வலையமைப்பின் இயக்கத்தையே சிறிது நேரம் நிறுத்தினர். திருடனைத் தடுக்கவே நிறுத்தினர், நோக்கம் நன்றே. எனினும், நல்லதற்காக நிறுத்த வல்ல கை பிறிதொன்றிற்காகவும் நிறுத்த வல்லதன்றோ!

வரிசையாக்கி பொய்க்கணக்கு எழுதினால் அடித்தளம் அதனைத் தள்ளிவிடும் என்று ஆதரவாளர் விடையளிப்பர். அவ்விடையும் ஆராயத்தக்கதே. ஆப்டிமிசம், ஆர்பிட்ரம் ஆகியவற்றில் கணக்கை மறுத்துரைக்க ஏறத்தாழ 7 நாள் தவணை உண்டு. ஆனால் ஆப்டிமிசத்தில் எவரும் மறுக்கலாம் என்னும் முறை 2024 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஈராண்டுக்கு மேலாகத் தவணை இருந்தது; மறுக்க வாயில் இல்லை. அந்நாளில் அதனைப் பரவலாக்கம் என்று புகழ்ந்தவர்கள் வரைபடத்தைக் கண்டு வீட்டைப் புகழ்ந்தவர்களே. ஆர்பிட்ரத்தில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் இருந்த அவ்வுரிமை 2025 பிப்ரவரியில் அனைவருக்கும் திறக்கப்பட்டது. வரிசைப்படுத்தும் பணியோ அவ்வாண்டிலும் இரண்டிலும் ஒரே கையில்தான் இருந்தது.