பல்லில் விழும் மஞ்சள் அச்சு

ஃபோர்டு எஃப்-150க்குப் பெரிய டயர் மாட்டினால் ஏற்றத்தில் திணறும். அமெரிக்கப் பட்டறைகளில் அப்போது பின் ஆக்ஸிலைத் திறந்து கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களையும் ஜோடியாக மாற்றுவார்கள். 39க்கு 11 பல் இருந்த இடத்தில் 41க்கு 10, 3.55 விகிதம் 4.10 ஆகிறது. இழுவை கூடும், எஞ்சின் கூடுதலாகச் சுற்றும்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் பொறுமைதான். பற்களில் மஞ்சள் பசை தடவி, கையால் சுற்றி, அச்சு எங்கே விழுகிறதென்று பார்க்கிறார் மெக்கானிக். நுனியில் விழுந்தால் பினியன் எட்டவில்லை. அடியில் விழுந்தால் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. மெல்லிய ஷிம் தகடு ஒன்றை மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பசை. பல்லிடை வெளியை டயல் கேஜில் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்காக அளக்கிறார். இரண்டு டன் வண்டியை உந்தப்போகும் இரும்புக்கு எவ்வளவு நுணுக்கம்! நான்கு சக்கர இழுவை என்றால், முன் ஆக்ஸிலுக்கும் இதே வேலை உண்டு.