குவேசாரின் காற்று

கருந்துளை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வினைச்சொல் கிட்டத்தட்ட தவறுவதே இல்லை: விழுங்குதல். பகாசுரனும் பின்னாலேயே வந்துவிடுவான். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குவேசார் விஷயத்தில் அது பாதிக் கதை. நடுவிலிருக்கும் கருந்துளையை நோக்கி விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளியின் அழுத்தமே கொஞ்சம் வாயுவை வெளியே தள்ளவும் செய்யும். சில குவேசார்களில் அதன் வேகம் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு.

இந்த வாயு தன் பின்னாலிருந்து வரும் ஒளியில் சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்கிறது. நிறமாலையில் அங்கே பள்ளம் விழும். பள்ளம் நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் வாயு நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றை யார் கண்ணால் கண்டது? முப்பந்தல் காற்றாலை சுற்றுவதைத்தானே பார்க்கிறோம். அதே கணக்குதான். ஆனால் வாயு குறுக்கே நகர்ந்தால் பள்ளம் இடம் மாறாது.

அந்தக் குறுக்கு நகர்வில்தான் சிக்கல். விவேக், ஸ்ரீஆனந்த் உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையை இதற்காகவே இரண்டு முறை படித்தேன். புனே ஐயூகா நிறுவனத்தின் கிராவலி 2 மீட்டர் தொலைநோக்கியில் 22 குவேசார்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் 8 குவேசார்களில் பள்ளம் மாறியிருக்கிறது. எதனால்? மேகம் ஒன்று குறுக்கே கடந்திருக்கலாம். இல்லையென்றால் மேகம் நின்ற இடத்தில் நிற்க, குவேசாரின் ஒளி ஏறி இறங்கி அயனிகளின் நிலை மாறியிருக்கலாம். முப்பந்தலில் காற்றாலை நின்றால் காற்று நின்றுவிட்டது என்றா அர்த்தம்? மின்தடம் தாங்காது என்று நிறுத்தியும் வைத்திருப்பார்கள்.

ஒளிதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் பள்ளம் அதிகம் மாறிய குவேசார்களில் ஒளியும் அதிகம் மாறியிருந்தது. ஆகவே இரண்டு காரணங்களும் கலந்தே இருக்கின்றன என்று முடிக்கிறார்கள். மென்பொருள்காரனான எனக்கு முதல் வாசிப்பில் இது நழுவலாகப் பட்டது. ஒரு பிழைக்கு ஒரு காரணம் தேடியே பழகிவிட்டது. மறுவாசிப்பில்தான் புரிந்தது: கையிலிருக்கும் தரவு ஒரு காரணத்தை மட்டும் தேர்ந்தெடுக்க விடவில்லை, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நம் அறிவியல் கட்டுரைகள் தடுமாறுவது இங்கேதான். விழுங்குகிறது என்று எழுதிவிட்டால் 'அல்லது' போட இடமில்லை. வெளியேறும் வாயு விண்மீன் மண்டலத்தின் குளிர்ந்த வாயுவைக் கலைத்து, அங்கே புது விண்மீன்கள் பிறப்பதைத் தடுக்கக்கூடும் என்ற விவாதத்துக்கும் வழியில்லை. பகாசுரன் எதையும் துப்பியதில்லையே.