கிரி படும் பாடு

செஞ்சியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளைச் சுட்டி, ஒரு ஞாயிறு மறையுரையில், 'ஜப்பானிய மொழியிலும் கிரி உண்டு; அங்கே அது கடமை. மலைபோல் கடமையும் அசையாதது' என்று முழங்கினேன். மக்கள் மகிழ்ந்தனர். ஒலியொப்புமையை நம்பிச் சொல்லாராய்ச்சி செய்யும் கட்டுரைகளைக் குறைகூறப் புகுமுன் இதை ஒப்புக்கொள்வதே முறை.

நம் கிரி வடமொழி தந்தது. குன்றும் மலையுமே தமிழ். ஜப்பானியக் கிரியோ நீதி, நியாயம் எனப் பொருள்தரும் இரு சீனச் சொற்களின் கூட்டு. இரண்டும் ஒன்றையொன்று அறியா. வீரமாமுனிவரின் தாய்மொழியாம் இத்தாலியத்திலும் கிரி என்று படிக்கத்தக்க எழுத்துகள் உண்டு. ஆனால் ஒலிப்பு 'ஜீரி', பொருள் சுற்றுகள். அச்சைப் பார்த்தே ஆராய்வோர் இங்கே இருமடங்கு ஏமாறுவர்.

சாவகத் தீவில் அரசர் கல்லறைகள் உள்ள குன்று இமோகிரி. அந்தக் கிரி நம்முடையதே. வடமொழி கடல்கடந்த தடம் அது. ஒலியில் விலகி நிற்கும் உருசியச் சொல்லான 'கரா'வும் மலையே, வடமொழிக் கிரிக்கு உடன்பிறப்பே. நம் கட்டுரையாளர் இதைத் தேடுவதில்லை. காதுக்கு இனிக்கவில்லை போலும். சொல் எவ்வழி வந்தது, யார் கொணர்ந்தார் என்று வினவாமல் உறவுமுறை வகுக்கின்றனர்.

மறுவாரம் மறையுரையில் என் பிழையைத் திருத்தினேன். அன்று எவரும் மகிழவில்லை.