மயிலையை அறிய ஒரு நூல் போதுமா?

சென்னையைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் எஸ். முத்தையாவைக் கடந்து செல்ல இயலாது. செட்டிநாட்டில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராகப் பணியாற்றி, 1968-இல் சென்னையில் குடிபுகுந்தவர் அவர். புதிய ஊரை அறிந்துகொள்ளும் ஆவலே 1981-இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' என்னும் ஆங்கில நூலாயிற்று. சிறு நூலாகத் தோன்றிய அது, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்' என்னும் பெருநூலாக விரிந்தது. 2019-இல் ஆசிரியர் மறைந்த பின்னும் அதன் செல்வாக்குக் குன்றவில்லை.

வெளியிலிருந்து வந்தவர் ஓர் ஊரை இவ்வளவு நேசிக்க முடியுமா என்ற வியப்பு இந்நூலைப் படிக்குந்தோறும் எழுகிறது. தெருவின் பெயர், பழைய மாளிகை, மறைந்த வணிக நிறுவனம் எதுவும் அவருக்கு அற்பமன்று. ஆயினும் மயிலாப்பூரை அறிய விரும்பும் நமக்கு ஒரு குறை தென்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் பெற்ற கடற்கரை நிலத்திலிருந்தே இந்நகர் பிறந்தது என்பது முத்தையாவின் உறுதியான கொள்கை. கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இக்கணக்குப் பொருந்தும். தாலமியின் குறிப்பில் இடம்பெற்று, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்று, 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் குடியேறிய மயிலைக்கு எப்படிப் பொருந்தும்? சாந்தோம் ஆங்கிலேயர் கைக்கு வந்ததே 1749-இல்தான். மூத்தவளை இளையவளின் வீட்டு விருந்தாளியாக்கிவிடும் கணக்கு இது!

ஆவணத்தை நம்பும் ஆசிரியருக்கு ஆங்கிலேயரின் பதிவேடுகளே பெரிதும் கைகொடுத்தன. அதற்காக அவரைக் குறைகூற முடியாது. பதிவேடு இல்லாதவற்றை எழுதுவது கடினம். கச்சேரி சாலையையே எடுத்துக்கொள்வோம். மார்கழியில் மயிலைக்கு வருவோர் இதனை இசைக் கச்சேரியோடு தொடர்புபடுத்தி மகிழ்வதுண்டு. ஆனால் அலுவலகம், நீதிமன்றம் என்னும் பொருளில் வழங்கும் இந்துஸ்தானிச் சொல் அது. தமிழில் வந்தபின் இசையரங்குக்கும் பெயராயிற்று. லஸ் முனையிலிருந்து சாந்தோம் நோக்கி இச்சாலையில் நடந்தால், ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில், கோயிலின் குரலும் பள்ளிவாசலின் பாங்கும் மாதா கோயில் மணியும் காதில் விழும். இதை அறிய ஆவணம் வேண்டாம், கால்கள் போதும்.

இனி, நம்மைப் பற்றியும் ஒரு சொல். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்திற்கான நிலம் ஆர்க்காட்டு நவாபு அளித்தது என்றும், முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமை அதனால் ஏற்பட்டதென்றும் மயிலையைப் பற்றி எழுதுவோர் பலரும் கூறுவர். மேடைகளில் இதனை எடுத்துரைத்து நாம் பெருமிதம் கொள்கிறோம். (முஹர்ரம் சடங்குகளைப் பற்றி நம்முள் கருத்து வேற்றுமை உண்டு, அது இங்கே பேச்சன்று.) ஆனால் இது வழிவழியாக வரும் செய்தி. நமக்கு உவப்பானது என்பதற்காகப் பட்டயம் கண்டவர்போல் பேசலாகாது. பிறர் கூறும் தல வரலாறுகளுக்குச் சான்று கேட்கும் நாம், நம்முடைய கதைக்கு மட்டும் விலக்குக் கோருவது நேர்மையாகுமா?

மேலும், நவாபு நிலம் கொடுத்தார் என்பதனால் மட்டும் மயிலை நமக்கு உறவாகிவிடாது. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் சென்னைக் கம்பன் கழகத்தை முன்னின்று நடத்தினார். வாலி வதையைப் பற்றி அவர் எழுதிய 'மூன்று வினாக்கள்' கம்பனில் ஊறியவர்களையும் மீண்டும் ஏட்டைப் புரட்டச் செய்தது. மயிலையின் அவைகள் அவரைக் கேட்டது எந்த நவாபின் கொடையை முன்னிட்டுமன்று. கம்பனை அவர் கற்றிருந்த ஆழத்தினால். முத்தையா தெருக்களைக் கற்றார்; இஸ்மாயீல் அத்தெருக்களில் வாழ்வோர் போற்றும் நூலைக் கற்றார். இரண்டாவது வழியை வழிகாட்டி நூல்கள் காட்டுவதில்லை.

முத்தையாவின் நூலை நம் இல்லங்களில் வாங்கி வைக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுத்து ஒரு ஞாயிறு காலை லஸ் முனையில் இறக்கியும் விடலாம். ஆனால் அந்நூலின் ஓரத்தில் எழுதவேண்டியவை நிறைய உள்ளன. பாட்டனாருடன் அத்தெப்பக்குளக் கரைக்குச் சென்ற நினைவுள்ள பெரியவர்கள் மயிலை முஸ்லிம் குடும்பங்களில் இருந்தால், அவர்கள் கண்டதையும் கேட்டதையும் வேறுவேறாகப் பிரித்து, ஆண்டு குறித்து, இப்போதே எழுதி வாங்குங்கள்.