பத்து நாளில் பழுத்த காப்பி

என் தொடர்கதை ஒன்று வாராவாரம் வெளிவந்துகொண்டிருந்த சமயம், தாண்டிக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். பாராட்டு ஒரு வரிகூட இல்லை. "பதினோராவது அத்தியாயத்தில் கதாநாயகி காப்பிப் பூவைத் தலையில் வைத்துக்கொள்கிறாள். பதின்மூன்றாவது அத்தியாயத்தில், பத்தே நாள் கழித்து, அதே செடியில் பழம் பறிக்கிறாள். இந்த வித்தையை எங்கள் செடிகளுக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எழுத்தாளன் தத்துவம் பேசுவான். 'கதை ஒன்றும் விவசாயப் பஞ்சாங்கம் அல்ல. காதலைப் பார்க்க வேண்டிய இடத்தில் செடியைப் பார்க்கிறவர் எப்படி ரசிகராவார்?' என்று ஒரு பதில் எழுதினேன். நல்லவேளையாகத் தபாலில் சேர்க்கவில்லை.

இப்படித் துருவுகிற வாசகர்கள் நமக்கு மட்டும் வாய்த்தவர்கள் அல்ல. ஆர்தர் கானன் டாயில் எழுதி 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் டாக்டர் வாட்ஸனுக்குத் தோளில் குண்டு பாய்ந்திருந்தது. 1890ல் வந்த அடுத்த நாவலில் அதே குண்டுக் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. ஆசிரியர் மறந்துவிட்டார், அவ்வளவுதான். வாசகர்கள் விடுவார்களா? பின்னாளில் பாதிரியாரான ரொனால்ட் நாக்ஸ் 1911ல் இத்தகைய முரண்பாடுகளை வேத ஆராய்ச்சி மாதிரி அலசி, வேடிக்கையாக ஒரு கட்டுரை படித்தார். அந்த வேடிக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ஓயவில்லை. காயம் தோளிலா, காலிலா என்பதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் அந்த இரண்டு நாவல்களைவிட அதிகம் இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

நம்முடைய வழக்கு இதைவிடப் பெரியது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அன்று வாசகர்கள் கேட்டார்கள். கதை முடிந்தபின் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. மணிரத்னத்தின் படம் 2022லும் 2023லும் இரண்டு பாகமாக வந்தபோது அதே கேள்வி மறுபடி கிளம்பியது. உடையார்குடிக் கல்வெட்டைச் சரித்திர ஆசிரியர்களே ஒரே மாதிரி படிக்கவில்லை. கல்கி அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல், இருட்டை இருட்டாகவே விட்டார்.

ஆகவே துவாரங்களில் இரண்டு ஜாதி உண்டு. வாட்ஸனின் காயம் மறதியால் விழுந்த ஓட்டை. கரிகாலனின் மரணம் ஆசிரியர் தெரிந்தே திறந்து வைத்த ஜன்னல். என் காப்பிச் செடி எந்த ஜாதி? ஓட்டைதான், ஆனால் வாட்ஸனுடையதைப் போல ஆபத்தில்லாத ஓட்டை என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்படியும் மனம் அடங்காமல் ஓர் ஆடி மாதம் வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன்.

பெரும்பாறை வழியாக மலை ஏறி, தாண்டிக்குடியில் இறங்கினேன். நண்பர் (இப்போது அப்படித்தான் சொல்ல வேண்டும்) வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பேரனும் பேத்தியும் கைப்பேசியில் டோரேமான் கார்ட்டூன் பார்த்துவிட்டு வாதாடினார்கள். அந்தப் பூனை முதலில் மஞ்சளாக இருந்தது. பிறகு ஏன் நீலமாயிற்று? எலி காதைக் கடித்துவிட்டதைக் கண்ட பயத்தில் வெளிறிப்போனது என்கிறான் பையன். அழுது அழுது மஞ்சள் பூச்சு உதிர்ந்துவிட்டது என்கிறாள் பெண். இரண்டும் உண்மை. முந்தைய வரலாறு ஒன்று; 1995ல் வந்த படம் சொல்லும் வரலாறு மற்றொன்று. "எப்படியிருந்தாலும் காது போன துக்கந்தானே!" என்று பேத்தி கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். விமரிசகர்கள் இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

நண்பர் எதிரே குன்றின் மேலிருந்த முருகன் கோயிலைக் காட்டினார். "எங்க ஊரே அப்படித்தான் அய்யா. பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு முருகன் பழனிக்குப் போனார்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிப் போனார்? முதல்ல இங்கதான் வந்தார். இங்கேயிருந்து தாண்டிக் குதிச்சார். தாண்டிக்குதிதான் தாண்டிக்குடி ஆச்சு."

பெரிய கதையில் ஒரு சிறிய இடைவெளி. அதில் ஓர் ஊர் தனக்கு இடம் பிடித்துக்கொண்டது. விவரம் கேட்பவனைக் குற்றம் பிடிப்பவன் என்று நினைத்திருந்தேன். அவன் கதைக்குள் குடியேற இடம் தேடுகிறவன் என்று அப்போதுதான் புரிந்தது. நம்பாத கதையின் கணக்கை யாரும் தணிக்கை செய்வதில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம். செடியில் பூவும் இல்லை, பழமும் இல்லை. கிளைகளில் பச்சைக் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. என் நாவலில் அடியோடு இல்லாத காய்கள். கோடை மழை விழுந்து பத்து நாளைக்குள் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும், மூன்று நாலு நாளில் உதிர்ந்துவிடும், பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும் என்று அவர் விளக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பூக்கிறப்ப போனவன், பழம் பறிக்கிறப்ப வர்றான்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா அந்தப் பொண்ணு ஒன்பது மாசம் காத்திருக்கணும். உங்க கதையில அவ காத்திருக்கவே இல்லையே, அய்யா?"

நான் பதில் பேசவில்லை. காத்திருப்பைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு நான் எழுதிய நாவல் அது. களை வெட்டும் நாட்கள், கூலி குறைந்த வாரங்கள், திரும்பி வரமாட்டானோ என்று காயைத் தொட்டுப் பார்க்கும் காலைகள் எதுவும் அதில் இல்லை. செடியைப் பார்க்காதவன் பெண்ணையும் பார்க்கவில்லை.

வாட்ஸனின் காயத்தை இழுத்துப் பார்த்தால் ஒரு நூல் பிரிந்து வருகிறது. துணி துணியாகவே இருக்கிறது. என் தப்பை இழுத்தபோது துணியே பிரிந்துவிட்டது. சிறு விவரங்களைப் பற்றிய சச்சரவுக்கு விமரிசனத்தில் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: இழுத்துப் பாருங்கள், எது பிரிகிறது என்று கவனியுங்கள்.

புத்தகமாக வந்தபோது அந்த ஒன்பது மாதத்தைச் சேர்த்தேன். மூன்று அத்தியாயங்கள் கூடின. முதல் பிரதியைத் தாண்டிக்குடிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை கடிதத்தில் ஒரு வரி பாராட்டும் இருந்தது. கீழே: "எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகிற பஸ் மலை ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். இறங்கும்."

இழுத்துப் பார்த்தேன். துணி நிற்கிறது. அடுத்த பதிப்பில் இறக்கிவிடுகிறேன்.